எழுத்து முந்தி, காது பிந்தி: கடலூர்–புதுச்சேரித் தடத்தில் ஒரு பிரெஞ்சுத் தன்பயிற்சி – நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் தனி ஒரு மனிதர் அல்லர். கடலூர், புதுச்சேரிப் பகுதியில் ஆசிரியர் இல்லாமல் பிரெஞ்சு படிப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் நிலையை ஒரே கற்பவராகத் தொகுத்திருக்கிறோம். மதிப்பெண்களும் மணிக்கணக்கும் அந்த நிலையைக் காட்டும் மாதிரி எண்கள். பிழைகளும் அவற்றின் காரணங்களும் இரு மொழிகளின் இயல்பிலிருந்து வருபவை.

இன்னொரு குறிப்பும் தேவை. பிரெஞ்சுச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கற்பவரின் குறிப்பேட்டில் இப்படி எழுதவே கூடாது. ஏன் என்பது மூன்றாம் பகுதியில் வருகிறது; இந்த ஆய்வின் மையமும் அதுதான்.

1. கற்பவரும் அவர் வந்த வழியும்

வயது முப்பதைத் தாண்டியது. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில், பிரான்ஸுக்குச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போகவர நாளைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேருந்தில் போய்விடுகிறது. மாலை வகுப்புக்கு நேரம் ஒத்துவரவில்லை. இலக்கணப் புத்தகம், ஒலிப்பாடத்தோடு வரும் தன்பயிற்சி நூல், படங்கள் ஆகிய மூன்றையும் வைத்துத் தானாகவே தொடங்கினார். இலக்கு, பிரெஞ்சு மொழித் திறனுக்கான தெல்ஃப் சான்றிதழ்த் தேர்வில் பி1 எனப்படும் இடைநிலை. வகுப்பில் படிப்பவர்களுக்குத் தொடக்கத்திலிருந்து பி1 வரை 350 முதல் 400 மணி நேரம் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். இவர் ஒன்றேகால் ஆண்டில் 320 மணி நேரம் உழைத்திருந்தார். நேரத்தில் குறை இல்லை.

குறை அந்த நேரத்தின் பங்கீட்டில் இருந்தது. 320 மணியில் 230 மணி வாசிப்பும் இலக்கணப் பயிற்சியும். சொல் அட்டைகள் 50 மணி. கேட்டது 40 மணி. அதிலும் பெரும்பகுதி ஆங்கிலத் துணையெழுத்தோடு பார்த்த படங்கள். வாய்திறந்து பேசியது ஏறக்குறைய இல்லை.

ஒலிப்பாட நூலையும் தலைகீழாகவே பயன்படுத்தியிருந்தார். 1929இல் அல்ஃபோன்ஸ் ஷெரேல் தொடங்கிய அசிமில் வகை நூல்களில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் உரையாடலைக் கேட்டு, பொருள் புரிந்து, உரக்கச் சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். ஏறக்குறைய ஐம்பதாம் பாடத்தை எட்டியதும் முதல் பாடத்துக்குத் திரும்பி, மொழிபெயர்ப்பை மட்டும் பார்த்துப் பிரெஞ்சு வாக்கியத்தைத் தானே சொல்லிப் பார்க்க வேண்டும். இவர் முதலில் மொழிபெயர்ப்பைப் படித்தார், பிறகு பிரெஞ்சைப் படித்தார், நேரம் மிஞ்சினால் ஒலியைக் கேட்டார். இரண்டாம் கட்டத்தைத் தொடவே இல்லை. வாக்கியத்தை முன்பே கண்ணால் படித்துவிட்டவருக்கு ஒலி கேட்டதும் எல்லாம் காதில் விழுந்ததுபோலவே இருக்கும். உண்மையில் நினைவுதான் அதைப் படித்துக் காட்டுகிறது.

2. மாதிரித் தேர்வு சொன்னதும் மறைத்ததும்

தெல்ஃப் பி1 தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் நூற்றுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. எழுதுவதில் குறைந்தது 160 சொற்கள். பேசும் பகுதிக்கு 10 நிமிடம் தயாரிப்பு, பிறகு 15 நிமிடம்: தன்னைப் பற்றிய உரையாடல், ஒரு சூழலை நடித்துப் பேசித் தீர்ப்பது, சிறு உரைப்பகுதியைப் படித்துக் கருத்துச் சொல்வது.

கற்பவரின் மாதிரித் தேர்வு: கேட்டல் 7.5, வாசித்தல் 20.5, எழுதுதல் 15, பேசுதல் 9. கூட்டினால் 52. தேர்ச்சி.

இங்கேதான் கவனம் தேவை. இந்த 52ஐ நம்பி அவர் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தால் சான்றிதழ் கையில் வந்திருக்கலாம். அதே மனிதர் அலுவலகத்துக்குப் பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து தொலைபேசி வந்தால் எடுக்கத் தயங்குகிறார். மின்னஞ்சலுக்கு அன்றே பதில் எழுதுகிறார். மொத்த மதிப்பெண், பலத்தையும் பலவீனத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. தனியாகப் படிப்பவர்கள் பகுதிவாரி எண்ணைத்தான் பார்க்க வேண்டும். வாசிப்புக்கும் கேட்டலுக்கும் இடையே 8 மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி இருந்தால் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்வதே முதல் வேலை என்பது எங்கள் கருத்து.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருப்பதே இந்த இடைவெளியை வளர்க்கிறது என்றும் சொல்ல வேண்டும். 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே, 1889 முதல் இயங்கும் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் ஃப்ரான்ஸேஸ், 1955இல் வந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், இருமொழித் தெருப்பலகைகள், மேரி என்னும் நகர்மன்றக் கட்டடம், கொம்யூன் பஞ்சாயத்து என்று கண்ணுக்குப் பிரெஞ்சு எங்கும் கிடைக்கிறது. காதுக்குக் கிடைப்பதில்லை. பீச் ரோட்டில் ஒரு மாலை முழுக்க நடந்தாலும் சுற்றுலாவுக்கு வந்த குடும்பம் ஒன்று கடந்துபோனால்தான் நாலு வார்த்தை காதில் விழும். கடையில் பிரெஞ்சில் கேட்டால் தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் வரும். ஊர் பிரெஞ்சு ஊர் என்ற எண்ணம், காதுப்பயிற்சி எப்படியும் நடந்துகொண்டிருக்கிறது என்ற தப்பான நிம்மதியைத் தருகிறது.

3. எங்கே அறுபடுகிறது

காரணத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை போதும். எழுத்துவடிவம் கூடவே கிடைக்கும் 45 நொடி ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து, வாக்கியத்துக்கு நான்கு முறை வரை நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொன்னோம். 110 சொற்களில் 48 சரி. பிறகு அதே உரையைக் கையில் கொடுத்தபோது மூன்று சொற்கள் தவிர எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னார். ஆக, சொல்வளம் காரணம் இல்லை. தெரிந்த சொல்லே ஒலியாக வரும்போது அடையாளம் தெரியவில்லை. தவறிய ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதி வகைபிரித்ததில் நான்கு குவியல்கள் கிடைத்தன.

முதல் குவியல், தமிழ் எழுத்து செய்த வேலை. குறிப்பேட்டில் ஒவ்வொரு புதுச்சொல்லுக்கும் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். தமிழ் எழுத்தில் தொண்டை அதிரும் ஒலிக்கும் அதிராத ஒலிக்கும் தனி எழுத்து கிடையாது. இடத்தைப் பார்த்து நாமே மாற்றிப் படிக்கிறோம். விளைவு: பரிசுக்கு 'கதோ', கேக்குக்கு 'காதோ'. முதல் சொல் அதிராத 'க'வில் தொடங்கி, நடுவில் 'பாதை' என்பதில் வருவதுபோல் அதிரும் 'த'. இரண்டாவது அப்படியே எதிர்: தொடக்கம் அதிரும் 'க', நடுவில் 'பத்து' என்பதில் வருவதுபோல் அதிராத 'த', ஆனால் அழுத்தாமல். தமிழ் எழுத்தில் பார்த்தால் நெடிலைத் தவிர வேறுபாடே இல்லை. மீனுக்கும் நஞ்சுக்கும் 'புவாஸோன்' என்ற ஒரே எழுத்து. 'இல் ஸோன்' என்றால் 'அவர்கள் இருக்கிறார்கள்'. அதே 'ஸ்' அதிர்ந்து ஆங்கில இசட்போல் வந்தால் 'அவர்களிடம் இருக்கிறது'. பிரெஞ்சில் இந்த இரண்டும் நாள் முழுக்க வரும் வாக்கியங்கள். குறிப்பேட்டில் ஒன்றாக எழுதியதைக் காதும் ஒன்றாகவே வைத்துக்கொண்டது.

புதுச்சேரி அச்சு வழக்கும் கொஞ்சம் குழப்பும். பிரெஞ்சின் 'த' பல்லைத் தொடும் ஒலி என்பதை அந்த வழக்கு சரியாகப் பிடித்திருக்கிறது; அதனால்தான் ஆங்கில வழியில் டூப்ளே ஆனவர் இங்கே துய்ப்ளேக்ஸ். ஆனால் அந்த 'உய்' ஒரு குறிப்புத்தான். வாய் செய்ய வேண்டியது வேறு: நாக்கு 'ஈ' சொல்லும் இடத்தில் அசையாமல் இருக்க, உதடு மட்டும் 'ஊ' சொல்வதற்குக் குவிய வேண்டும். தெரு என்பதை எல்லோரும் 'ரூ' என்று தமிழ் ஊவோடு சொல்கிறோம். அப்படிச் சொன்னால் அது சக்கரம். 'மேலே', 'கீழே' என்ற இரு சொற்களுக்கும்கூட இந்த ஒரே உயிரொலிதான் வேறுபாடு. ஜ-போன்ற ஒலிக்கு 'ழ' போடுவதும் அப்படியே: 'போன்ழூர்' என்பதில் நாக்கை மடிக்கக் கூடாது. 'ஷ' சொல்லும் நிலையிலேயே தொண்டையை அதிரவிட வேண்டும்.

இரண்டாவது குவியல், மூக்கொலி உயிர்கள். தமிழ்ப் பேச்சு நமக்குப் பெரிய உதவி செய்யக்கூடிய இடம் இது. எழுத்துத்தான் அதை மறைக்கிறது. 'பணம்' என்று எழுதுகிறோம், ஆனால் 'பணம் இல்ல' என்று சாதாரணமாகச் சொல்லாமல் 'பணம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தும்போது உதடு மூடுவதில்லை; கடைசி உயிர் ஓகாரத்தை ஒட்டி மூக்கில் போய் முடிகிறது. பிரெஞ்சில் 'நல்ல' என்பதற்கான 'போன்' சொல்லின் உயிர் ஏறக்குறைய அதுவே. 'அவன்' என்பது பேச்சில் எகரத்தை ஒட்டி மூக்கில் முடியும். திராட்சை மதுவைக் குறிக்கும் 'வேன்' சொல்லின் உயிர் அதற்கு அருகில். 'நான்', 'வந்தான்' என்பவற்றின் மூக்கு ஆகாரம், காற்றைக் குறிக்கும் 'வான்' சொல்லுக்கு அருகில். மூன்றும் வீட்டிலேயே இருக்கின்றன. இவர் எழுத்தைப் பார்த்து 'ன்' என்று நாக்கை மேலே ஒட்டிச் சொல்லப் பழகியதால் மூன்றையும் இழந்தார்.

இதற்கு அடுத்த சிக்கல் தமிழ்க்காரர்களுக்கே உரியது. தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தானாக அதிரும்: பந்து, கம்பு, சங்கு. 'கோந்தான்' (மகிழ்ச்சியாக) என்று எழுதிக்கொண்டவர் பந்தில் வரும் 'ந்த'வைச் சொல்கிறார். பிரெஞ்சில் அங்கே 'ந்' கிடையாது. மூக்கில் ஓகாரம், உடனே அதிராத 'த'. ஐம்பது என்பது இவர் வாயில் 'சங்கு'வின் 'ங்க'வோடு வருகிறது. இருக்க வேண்டியது மூக்கு எகரம், பிறகு 'பக்கம்' என்பதில் வரும் 'க'வின் பாதி. தான் சொல்லும் வடிவத்தைத்தான் காது எதிர்பார்க்கும். எதிர்பார்த்தது வராததால் தெரிந்த ஐம்பது தெரியாத சொல்லாகிவிடுகிறது.

மூன்றாவது, சொல்லெல்லை. சொல்லின் இறுதியில் வரும் எஸ், டி, எக்ஸ் போன்ற எழுத்துகள் பெரும்பாலும் ஊமை. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் சிலவற்றுக்கு உயிர் வந்து அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'லே' தனி, 'அமி' தனி. சேர்ந்தால் 'லேஸமி' (நண்பர்கள்), நடுவில் அதிரும் ஸ். இவர் 'ஸமி' என்று ஒரு சொல்லைத் தேடினார். 'உடல் மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே' என்று படித்த நமக்கு இது புதுமையே இல்லை. ஆனால் விதிவிலக்கு ஒன்று உண்டு: ஊமை எச்சில் தொடங்கும் சில சொற்கள் ஒட்டவிடாது. 'லே ஏரோ' (வீரர்கள்) என்பதை ஒட்டிச் சொன்னால் 'பூஜ்யங்கள்' ஆகிவிடும்.

நான்காவது, பேச்சின் சுருக்கம். 'ழெ நெ ஸே பா' (எனக்குத் தெரியாது) என்று புத்தகம் சொல்லும். படத்தில் வருவது 'ஷே பா'. 'இல் யா' வெறும் 'யா' ஆகும். 'துய் ஆ' 'தா' ஆகும். எதிர்மறையின் முதல் பாதியான 'நெ' பேச்சில் விழுந்துவிடும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று படித்த வெளிநாட்டுக்காரர் கடலூர் பேருந்து நிலையத்தில் 'வந்துனு இருக்கேன்' கேட்டு விழிப்பதற்கு இணையான நிலை. அகராதி இதற்கு உதவாது. முழு வடிவத்தையும் சுருங்கிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுத்தான் பழக வேண்டும்.

தொண்டையில் உருளும் 'ர' பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதில் நேரம் செலவிட வேண்டாம் என்றோம். தமிழ் 'ர'வோடு பேசினாலும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புரியும். அதனால் எந்தச் சொல்லும் வேறு சொல்லாக மாறிவிடுவதில்லை.

4. ஆங்கிலப் பாலம்

காதுக்கு அடுத்ததாகப் பேச்சில் தடுமாற்றம். இவர் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அதிலிருந்து பிரெஞ்சுக்குப் போனார். நூல்கள் ஆங்கில விளக்கத்தோடு வருவதால் பலருக்கும் இதே நிலை. சில இடங்களில் தமிழிலிருந்து நேரே போனால் தூரம் குறைவு. 'எனக்கு வேண்டும்' என்பதற்கு 'இல் மெ ஃபோ'. 'அது எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'ஸா மெ ப்ளே'. இரண்டிலும் 'எனக்கு' அப்படியே இருக்கிறது. வயதை ஆங்கில வழியில் 'நான் முப்பது' என்று கட்டியதால் 'ழெ ஸுயி' ('நான் இருக்கிறேன்') வந்து பிழையானது. பிரெஞ்சில் வயதும் பசியும் தாகமும் 'உடைமை' வினையோடு வரும். அந்த வினை தமிழில் இல்லை என்பதால் 'எனக்கு இருக்கிறது' என்று வருகிற இடத்தையெல்லாம் அதற்கு ஒதுக்கச் சொன்னோம். அதற்குப் பிறகு இந்தப் பிழை வெகுவாகக் குறைந்தது.

நீ, நீங்கள் வேறுபாடு தமிழருக்கு எளிது என்பார்கள். பாதிதான் சரி. நம் வீட்டில் அம்மாவுக்கு 'நீ', அப்பாவுக்கு 'நீங்க' என்பது சாதாரணம். அங்கே குடும்பத்துக்குள் பெரும்பாலும் எல்லோருக்கும் 'துய்' (நீ). மறுபக்கம், வயதில் சிறிய கடைப்பையனை நாம் 'தம்பி, நீ' என்போம். அங்கே முன்பின் தெரியாத பெரியவர் எவரும், இருபது வயதுக்காரரானாலும், 'வூ' (நீங்கள்) தான். இவர் தொலைபேசியில் இளவயது உதவியாளரைத் 'துய்' என்றழைத்தது இதனால்தான்.

தமிழ் கைவிடும் இடம் பெயர்ச்சொல்லின் பால். நமக்கு மேசையும் கதவும் அஃறிணை, முடிந்தது. பிரெஞ்சில் ஒவ்வொன்றுக்கும் ஆண்பாலோ பெண்பாலோ உண்டு. ஈறு ஓரளவு வழிகாட்டும்: 'ஸியோன்', 'எத்' என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால், 'மான்', 'ஆழ்', 'இஸ்ம்' ஈறுகள் ஆண்பால். 'ஆழ்' ஈற்றில் கடற்கரை, பக்கம், படிமம், கூண்டு ஆகியவற்றுக்கான சொற்கள் விலக்கு, அவை பெண்பால். அட்டையில் சொல்லைத் தனியே எழுதாமல் 'அன்' (ஆண்பால்), 'உய்ன்' (பெண்பால்) என்ற முன்சொல்லோடு எழுதினால் பால் கூடவே பதியும். 'லெ', 'லா' போட்டால் உயிரில் தொடங்கும் சொற்களில் அது சுருங்கிப் பாலை மறைத்துவிடும்.

5. ஆறு மாதத் திட்டம்

புது இலக்கணம் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. நாளைக்கு 75 நிமிடம். அதில் காலை 30 நிமிடம், வீட்டில், சத்தமில்லாத நேரத்தில், காதுக்கருவியோடு கேட்டெழுதுதல்.

நடைமுறை இப்படி. ஒரு நிமிடத்துக்கு மேற்படாத ஒலிப்பதிவு. எழுத்துவடிவம் கட்டாயம் இருக்க வேண்டும். உரையைப் பார்க்காமல் இரண்டு முறை முழுதாகக் கேட்பது. பிறகு வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, அதிகபட்சம் நான்கு முறை கேட்டு, எழுதுவது. ஐந்தாம் முறை கேட்பதால் பயனில்லை. காது அதற்குள் ஊகிக்கத் தொடங்கிவிடும். தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுவது. பிறகு உரையோடு ஒப்பிட்டு, தவறிய இடத்தைச் சிவப்பில் திருத்தி, மேலே சொன்ன நான்கில் எந்தக் காரணம் என்று பக்கத்தில் ஓர் எழுத்துக் குறி. கடைசியாகப் பதிவோடு சேர்ந்து, அரை நொடி பின்தங்கி, உரக்கச் சொல்வது, ஐந்து முறை. ஐந்தாவதைக் கைபேசியில் பதிவுசெய்து மூலத்தோடு ஒப்பிடுவது. மறுநாள் முதல் வேலை, நேற்றையதை உரை இல்லாமல் ஒருமுறை கேட்பது.

முதல் இரண்டு வாரம் இது நொறுங்கியது. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி நாளும் 10 நிமிடம், உரையோடு கிடைக்கிறது. இவர் பத்து நிமிடத்தையும் எழுத உட்கார்ந்தார். ஒரே நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. செய்தியில் ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் நிறைய. அவை காதில் விழாததற்குக் காரணம் ஒலி அல்ல, அறியாமை. முதல் மாதம் அசிமில் வகை நூலின் பழைய பாடங்களையே கேட்டெழுத வைத்தோம். பிறகு டிவி5 மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் ஏ2 நிலை (பி1க்கு ஒரு படி கீழ்) காட்சித்துணுக்குகள். வானொலிச் செய்தி மூன்றாம் மாதத்தில், அதுவும் முதல் ஒரு நிமிடம் மட்டும்.

பேருந்து நேரத்தை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. ஜன்னல் காற்றும் ஹாரனும் முதலில் விழுங்குவது மெய்யொலிகளைத்தான். 'ஸ்' அதிர்ந்ததா இல்லையா என்று அங்கே தெரியாது. ஆகவே பேருந்தில் புதுப்பதிவு கிடையாது. காலையில் எழுதி முடித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்பதும், சொல் அட்டைகளும் மட்டும். அட்டையில் நாளைக்குப் புதியது 10. முன்பு 30 போட்டு, மீள்பார்வை இருநூற்றைம்பதைத் தாண்டி, இவர் செயலியையே திறக்காமல் விட்டிருந்தார். அட்டையின் முன்பக்கம் ஒலி மட்டும். பின்பக்கம் முழு வாக்கியம். தமிழ் உச்சரிப்பு எழுதிய பழைய குறிப்பேடு மூடப்பட்டது. உச்சரிப்பு மறந்தால் ஒலியைக் கேட்பது, வேறு வழியில்லை.

மூக்கொலிக்கு நாளும் மூன்று நிமிடம், கண்ணாடி முன்னால். 'பணம்' என்று பேச்சுவழக்கில் சொல்லி, உதடு மூடாமல் கடைசி ஒலியை இரண்டு நொடி நீட்டுவது. பிறகு அதே ஒலியைப் 'போன்' என்பதில் வைப்பது. 'அவன்' – 'வேன்', 'நான்' – 'வான்' அதே முறையில். பிறகு பின்னால் வல்லினம் வரும் சொற்கள்: உயிரை நீட்டி, ஒரு கணம் நிறுத்தி, 'த'வைத் தனியாகச் சொல்லி, நாளடைவில் அந்த நிறுத்தத்தைக் குறைப்பது. அதிரும் ஸ்-க்குக் கையைத் தொண்டையில் வைத்து 'இல் ஸோன்' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னால் போதும். அதிர்வு விரலுக்குத் தெரியும்.

படத்தில் செய்த மாற்றம் சிறிது, பலன் பெரிது. ஆங்கிலத் துணையெழுத்து நின்றது. கண் அதைத்தான் படிக்கும், காது ஓய்வெடுத்துக்கொள்ளும். பிரெஞ்சுத் துணையெழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. வேறு மொழிப் படத்தைப் பிரெஞ்சுக் குரலில் பார்த்தால் குரலும் எழுத்தும் தனித்தனி மொழிபெயர்ப்பு. சொல்லுக்குச் சொல் பொருந்தாது. பிரெஞ்சிலேயே எடுத்த படம் வேண்டும். காது கேளாதோருக்கான துணையெழுத்து இருந்தால் மேலும் நல்லது. தொடக்கத்துக்கு நாங்கள் கொடுத்தது 2002இல் வந்த 'எத்ர் எ அவ்வார்' ஆவணப்படம்: கிராமத்து ஒரே வகுப்புப் பள்ளியில் ஆசிரியர் சிறு குழந்தைகளோடு நிதானமாகப் பேசுகிறார், சொன்னதைத் திரும்பச் சொல்கிறார். வாரத்துக்கு ஒரு காட்சி, மூன்று நான்கு நிமிடம்: முதலில் எழுத்தில்லாமல், பிறகு எழுத்தோடு, கடைசியில் மறுபடி இல்லாமல். முழுப்படத்தை ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சிக்காகப் பார்க்கலாம். அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கவில்லை.

வாசிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. 'லெ பெத்தி ப்ரேன்ஸ்' ('குட்டி இளவரசன்') எல்லோரும் முதலில் வாங்குவது. மெல்லிய நூல், ஆனால் கதை எழுத்துமொழிக்கே உரிய இறந்தகாலத்தில் நகர்கிறது. அந்த வடிவம் பேச்சில் வராது. பேசக் கற்பவருக்கு 'லெ பெத்தி நிக்கொலா' கதைகள் பொருத்தம்: பள்ளிப் பையன் தன் வாயால் சொல்வதுபோல், பேச்சுவழக்கு இறந்தகாலத்தில். பிறகு காம்யூவின் 'லெத்ரான்ழே' ('அந்நியன்', 1942). பெரிய நாவல்களில் அதே பேச்சு இறந்தகாலத்தை முதன்மையாக வைத்து எழுதியது, வாக்கியங்களும் குறுகியவை. நூலைத் தேர்ந்தெடுக்க ஒரு அளவு: 250 சொல் உள்ள பக்கத்தில் தெரியாத சொல் ஐந்தைத் தாண்டினால் அதை இப்போதைக்கு எடுத்து வைப்பது.

பேசுவதற்கு வாரம் ஒருநாள் 45 நிமிடம். பிரெஞ்சு அரசுப் பணியிலோ படையிலோ இருந்து ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்கள் புதுச்சேரியில் உண்டு. ஊரின் உண்மையான பிரெஞ்சு வளம் தெருப்பலகையில் இல்லை, இந்த வீடுகளில் இருக்கிறது. அப்படி ஒரு பெரியவர் கிடைத்தார். நிபந்தனை: முதல் அரை மணி தமிழ் கிடையாது, திருத்தங்களைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். நடுவில் திருத்தினால் பேச்சு அறுந்துவிடும்.

6. ஆறு மாதம் கழித்து

இரண்டாம் மாதிரித் தேர்வு: கேட்டல் 15.5, வாசித்தல் 21, எழுதுதல் 16.5, பேசுதல் 15. மொத்தம் 68. வாசிப்பு அரை மதிப்பெண்தான் நகர்ந்தது, எதிர்பார்த்ததுதான். கேட்டெழுதும் சோதனையில் அதே நீளப் பதிவில் சரியான சொற்கள் 48லிருந்து 89க்கு வந்தன. மூக்கொலிப் பிழைகள்தான் முதலில் குறைந்தன, ஐந்தாறு வாரத்திலேயே. அதிரும் ஸ் நான்கு மாதம் எடுத்தது. பேச்சுச் சுருக்கம் இன்னும் தொடர்கிறது. ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசும் காட்சிகளில் பாதிதான் பிடிபடுகிறது.

தீராமல் நிற்பது எண்கள். 70 என்பது 'அறுபது-பத்து', 80 'நான்கு இருபது', 90 'நான்கு இருபது-பத்து' என்ற அமைப்பு. பிரான்ஸில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள், ஐந்து இணை. 75 வரும்போது இவர் 'அறுபது' கேட்டதும் 6 எழுதிவிடுகிறார். 'பதினைந்து' வந்ததும் அடித்துத் திருத்துகிறார். அதற்குள் அடுத்த இணை போய்விடுகிறது. இப்போது செய்யும் பயிற்சி: இணை முடியும் வரை பேனாவைத் தாளில் வைக்காமல், ஓர் இணை பின்தங்கி எழுதுவது. நாளைக்கு பத்து எண், 70க்கு மேற்பட்டவை மட்டும், முதலில் மெதுவான வேகத்தில். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது அலங்காரம் அல்ல. விலைப்பட்டியலில் 76ம் 96ம் இடம் மாறினால் சரக்கு திரும்பி வரும்.

அடுத்த ஆறு மாதத்துக்கு பேருந்து ஒழுங்கு மாறவில்லை. காலை அரை மணியில் வாரம் இரண்டு நாள் மட்டும் கேட்டெழுதுதல். மற்ற நாட்களில் நிறுத்தி வைத்த இலக்கணம், விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்லும் சுப்ழோன்க்திஃப் வடிவத்திலிருந்து. லியோன் தொலைபேசியை இப்போது அவரே எடுக்கிறார். எண் சொன்னால் மட்டும் மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்கிறார்.